காரணம் தெரியவில்லை

பெர்முடா முக்கோணம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது முடிவெட்டும் கடை வழியாகத்தான். எழுபதுகளின் கடைசி. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் அட்டை கிழிந்த வாரப் பத்திரிகைகள் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சவரம் முடியும்வரை படித்துக்கொண்டிருக்கலாம். அப்படி அகப்பட்டதுதான் அந்தக் கட்டுரை. அமெரிக்கக் கடற்படையின் ஐந்து விமானங்கள் ஒரு மத்தியானம் கிளம்பின. வானம் நிர்மலமாக இருந்தது. கடல் திடீரென்று வெள்ளையாகிவிட்டது என்று தலைவர் ரேடியோவில் பதறினார். அதோடு சரி. தேடப்போன ஆறாவது விமானமும் மாயம். பக்கத்தில் ஒரு படம்: கடல் நடுவே முக்கோணம், அதற்குள் விமானங்கள் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தன. படத்தின் மூலையில் யாரோ சவர நுரை விரலைத் துடைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. கடலுக்கடியில் காந்தமலை இருக்கிறது என்றான் எதிர்வீட்டுப் பையன். பறக்கும் தட்டு என்றான் இன்னொருவன். நான் பத்திரிகைக்காரர் எழுதாத வசனங்களையும் சேர்த்து, குரலைத் தாழ்த்தி, ஏற்றி, கைகளை விமானமாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திண்ணையில் சாய்வு நாற்காலியில் கிடந்த பெரியப்பா, காதோடு ஒட்டி வைத்திருந்த டிரான்சிஸ்டரை அணைத்தார்.

பெரியப்பா விமானப்படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோர்ஹாட், தாம்பரம் என்று பல ஊர் பார்த்தவர். அவர் விமானத்தில் ஏறியதைவிட, விமானத்தில் ஏறியவர்களோடு பேசியதுதான் அதிகம். வருஷக்கணக்காக ஹெட்போன் மாட்டியதில் இடது காது சரியாகக் கேட்காது. ஆனால் சிற்றலையில் பிபிசி தமிழோசை இரைச்சலுக்குள் முங்கி எழும்போது, நாங்கள் ஒன்றும் விளங்காமல் விழிக்க, அவர் மட்டும் ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவார்.

"ஏல, இங்க வா. அந்த லீடரு கடைசியா ரேடியோவுல என்ன பேசினான்னு சொன்ன?"

"கடல் வெள்ளையாயிட்டுன்னு, பெரியப்பா."

"யாரு கேட்டா? எந்த ஸ்டேஷன்? மணி என்ன?"

பத்திரிகையில் அது இல்லை. பெரியப்பா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தார். தாம்பரத்தில் இருந்தபோது மூர் மார்க்கெட்டில் வாங்கியது. லாரி குஷே என்ற அமெரிக்க நூலகர் 1975-ல் எழுதியது. அவர் விமானமும் ஓட்டத் தெரிந்தவர். முக்கோணத்தில் மறைந்ததாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் அந்தந்தக் காலத்துச் செய்தித்தாள், விசாரணை அறிக்கை என்று போய்ப் பார்த்து எழுதியவர். பெரியப்பாவுக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு ஆரம்பித்தது, அந்தப் பெரிய லீவு முழுக்க நீண்டது. அன்று கேட்டதையும், பிற்பாடு நானாகத் தேடிப் படித்ததையும் இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குரல் மட்டும் எல்லாவற்றுக்கும் அவருடையதுதான்.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் கடற்படை விமானத்தளம். போர்க்காலம் முழுக்க அவெஞ்சர் என்ற டார்பிடோ விமானத்துக்கு ஆள் தயார்பண்ணிய இடம். ஜார்ஜ் புஷ் (தந்தை புஷ்) 1943-ல் அங்கேதான் பழகினார். போர் ஓய்ந்து மூன்று மாதம் ஆகியும் பயிற்சி ஓயவில்லை. 1945 டிசம்பர் 5, புதன்கிழமை. ஐந்து அவெஞ்சர்கள், பதினாலு பேர். அந்த விமானத்தில் மூன்று பேர் போவது வழக்கம், பதினைந்தாவது ஆள் அன்று வரவில்லை. அந்தப் பயணத்துக்கு வைத்த பெயர்கூட வெறும் எண்தான்: ஃப்ளைட் 19.

புள்ளியிலிருந்து கிழக்கே ஒரு கோடு. 56 கடல் மைல் போனால் ஒரு மணல்திட்டு, அங்கே குண்டுவீச்சுப் பழக வேண்டும். அதே திசையில் மேலும் 67 மைல். பிறகு வடக்கே, சற்று மேற்காகச் சாய்ந்து 73 மைல், கிராண்ட் பஹாமா தீவுக்கு மேலாக. அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பி 120 மைல், வீடு. தரையில் இப்போது ஒரு முக்கோணம் இருந்தது. "இதுதாம்ல முக்கோணம், வேற ஒண்ணும் கிடையாது" என்றார்.

பெரியம்மை உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "காலம்பறதான் மொழுகினேன், தரை பூரா கிறுக்கி வச்சிருக்கிய" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அந்தப் பயிற்சி எதற்கு என்பதை விளங்கவைக்க அவர் செய்ததுதான் எனக்கு இன்றும் உடம்பில் இருக்கிறது. தோளில் கிடந்த துண்டால் என் கண்ணைக் கட்டினார். கையைப் பிடித்துத் திண்ணையிலிருந்து முற்றத்தில் இறக்கி நிறுத்தினார். நேரே இருபது எட்டு, இடதுகைப் பக்கம் திரும்பிப் பத்து எட்டு, மறுபடி இடதாகத் திரும்பி நடந்து திண்ணைக்கு வந்து சேர வேண்டும். கடலுக்கு மேல் ஊர், மரம், கோபுரம் ஒன்றும் தெரியாது. எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை நிமிஷம் என்பதை மட்டும் வைத்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் பழகத்தான் அவர்களை அனுப்பினார்கள். காற்று தள்ளும், அதையும் கழிக்க வேண்டும். காற்றுக்காக எதிர்வீட்டுப் பையனை ஏற்பாடு செய்திருந்தார். அவன் நாலு எட்டுக்கு ஒரு தரம் வலது தோளை லேசாகத் தள்ளினான். பன்னிரண்டு எண்ணியிருப்பேன், "ஏல, ஒங்க கணக்கு சார் எந்த ஊரு?" என்றார் பெரியப்பா. "கல்லிடக்குறிச்சி" என்றேன். எண்ணிக்கை போயிற்று. பதினாலா, பதினேழா? ஒரு மாதிரி நிதானித்து நடந்தேன். திண்ணை என்று கையை நீட்டியபோது ஈரமாக, வெதுவெதுப்பாக எதுவோ உள்ளங்கையில் மூச்சு விட்டது. தொழுவத்துப் பசு.

எல்லாரும் சிரித்து முடித்தபிறகு அவர் தன் எச்எம்டி வாட்சைக் கழற்றி என் முன்னால் ஆட்டினார். அன்று கிளம்பிய ஐந்து விமானங்களிலும் கடிகாரம் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் வாட்ச் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வழியில் தலைவர் மற்றவர்களிடம் மணி கேட்டுக்கொண்டே போனதை வைத்துப் பார்த்தால், அவர் கையில் வாட்ச் இருந்ததா என்பதே சந்தேகம்.

தலைவர், லெப்டினன்ட் சார்லஸ் டெய்லர். 28 வயது. பசிபிக் போரில் பறந்தவர், ஏறக்குறைய 2,500 மணி நேர அனுபவம். மற்ற நாலு விமானிகளும் கற்றுக்கொள்ள வந்தவர்கள், ஆளுக்கு 300 மணி நேரம் சுமார். அவர்களில் இரண்டு பேர் மரைன் படையில் கேப்டன் பதவியில் இருந்தவர்கள், சின்னப் பையன்கள் அல்ல. டெய்லர் அன்று தாமதமாக வந்தார். தனக்குப் பதில் வேறு யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. ஆள் இல்லை என்றார்கள். மதியம் 2 மணி 10 நிமிஷத்துக்குக் கிளம்பினார்கள்.

முடிவெட்டும் கடைக் கதையில் இந்த இடத்தில்தான் கடல் வெள்ளையாகும். அது அறுபதுகளில் ஒரு பத்திரிகைக்காரர் டெய்லர் வாயில் போட்ட வசனம். அன்றைய பதிவுகளில் அப்படி ஒன்று கிடையாது. இருப்பது இதுதான். மணி 3:40 வாக்கில், அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த இன்னொரு பயிற்சியாளர், லெப்டினன்ட் காக்ஸ், யாரோ வழி தெரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கிறார். கூப்பிட்டு விசாரிக்கிறார். இரண்டு திசைகாட்டியும் வேலை செய்யவில்லை, கீழே துண்டு துண்டாக நிலம் தெரிகிறது, இது கீஸ் தீவுகள்தான் என்கிறார் டெய்லர். கீஸ் என்பது ஃபுளோரிடாவின் தெற்கு முனையிலிருந்து தென்மேற்காக மாலை கோத்ததுபோல் போகும் தீவு வரிசை. டெய்லர் அதற்குச் சற்றுமுன்தான் மயாமி தளத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். கீஸ் அவருக்கு நன்றாகப் பழக்கம். பஹாமா தீவுகள் அவ்வளவு பழக்கமில்லை. மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். கீஸைத் தெரியாத ஒருவர் தலைவராக இருந்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

கீஸ்தான் என்றால் சூரியனை இடது இறக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கரையோரமாக வடக்கே போ, மயாமி வந்துவிடும் என்கிறார் காக்ஸ். சொன்னது சரி. ஆனால் அவர்கள் இருந்தது கீஸில் அல்ல, பஹாமாவுக்கு மேலே. நிலம் மேற்கே இருந்தது. மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்த டெய்லர் வடகிழக்கே திருப்பினார், அதாவது அட்லாண்டிக்கின் நடுவை நோக்கி. வழி தப்பினால் மேற்கே, சாயும் சூரியனைப் பார்த்துப் பற என்பதுதான் அந்தத் தளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மேற்கே போனால் வீட்டுக்குப் போயிடலாமே என்று பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவன் அலுத்துக்கொண்டது கரையில் கேட்டது.

"அப்ப அவன் மட்டும் மேக்க போயிருக்கலாம்ல?" என்றேன்.

பெரியப்பா உடனே பதில் சொல்லவில்லை. தெருவில் பஞ்சுமிட்டாய்க்காரன் மணியடித்துப் போனான். "உடுப்பு போட்டவன் போகமாட்டாம்ல" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டது கீழ்ப்படிதல் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். இருட்டப்போகிற நேரத்தில், தண்ணீர் தவிர ஒன்றும் தெரியாத இடத்தில், கூட இருக்கிற நாலு விமானத்தை விட்டு யார் பிரிவார்கள்? டெய்லரும் அதற்காகத்தான் அவசர அலைவரிசைக்கு மாற மறுத்தார். கியூபா வானொலியின் பாட்டுச் சத்தம் குறுக்கே வந்து பேச்சு கேட்காமல் அடிபட்டது. அலைவரிசையை மாற்று, மாற்று என்று கரையிலிருந்து கெஞ்சினார்கள். மாற்றினால் நாலில் ஒன்று தவறிவிடும் என்று பயந்தார்.

5:29-க்குச் சூரியன் விழுந்தது. வானிலை கெட்டு, கடல் கொந்தளிக்க ஆரம்பித்தது. நடுவில் கொஞ்ச நேரம் மேற்கே பறந்தார்கள். பிறகு, போதிய அளவு கிழக்கே போகவில்லை, திரும்புவோம் என்றார் டெய்லர். 6:20-க்கு அவர் குரல் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது. எல்லாரும் நெருங்கி வாருங்கள், யாராவது ஒருவருக்குப் பெட்ரோல் பத்து காலனுக்குக் கீழே போனதும் எல்லாரும் சேர்ந்தே இறங்குவோம் என்றார். அதற்குப் பிறகு 7 மணி தாண்டி இரைச்சலுக்குள் அவர்களுடைய அழைப்பெழுத்து மட்டும் யாருக்கோ கேட்டிருக்கிறது.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. 6 மணிக்குச் சற்று முன்பே கரையிலிருந்த பல ரேடியோ நிலையங்கள் அவர்களுடைய குரல் வரும் திசைகளைக் கோடு போட்டு, அவர்கள் பஹாமாவுக்கு வடக்கே, ஃபுளோரிடாவின் நடுக்கரைக்கு நேர் கிழக்கே இருக்கிறார்கள் என்று கணித்துவிட்டன. நூறு மைல் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் கடலில் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. அதை யாரும் திறந்த அலைவரிசையில் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை.

"சொல்லணும்ல! அவன் பதில் பேசாட்டா என்ன? அவன் குரல் நமக்குக் கேக்கலன்னா நம்ம குரல் அவனுக்குக் கேக்கலன்னு அர்த்தமா? சொல்லிக்கிட்டே இருக்கணும். பெட்ரோல் தீந்திருக்கும்னு கணக்கு சொன்னாலும் அதுக்கு மேலயும் ஒரு மணி நேரம் சொல்லணும். அதுக்குத்தானே அங்க உக்காந்திருக்கோம்?" சாக்பீஸ் கையில் உடைந்துவிட்டது. அவர் அப்படி உட்கார்ந்து யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தாரா, பதில் வந்ததா என்று கேட்க எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. தெரிந்த வயதில் கேட்கத் துணியவில்லை.

ஆறாவது விமானத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டார். பனானா ரிவர் தளத்திலிருந்து 7:27-க்குக் கிளம்பிய மார்டின் மரைனர் அது, நீரிலும் இறங்கக்கூடியது. பதிமூன்று பேர். கிளம்பிய சில நிமிஷத்தில் ஒரு செய்தி, அப்புறம் மௌனம். பத்திரிகைக் கதையில் அதையும் முக்கோணம் விழுங்கிவிடும். ஆனால் கெய்ன்ஸ் மில்ஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் ஆட்கள் 7:50-க்கு நெருப்பு எழுவதைப் பார்த்திருக்கிறார்கள். கடலில் எண்ணெய் படர்ந்திருந்த இடம்வழியே கப்பலைச் செலுத்தித் தேடியிருக்கிறார்கள். ஒருவரும் அகப்படவில்லை. மரைனரைப் பறக்கும் பெட்ரோல் டாங்கி என்று அதில் வேலை பார்த்தவர்களே சொல்வார்களாம். அறைக்குள் ஆவி கசியும், ஒரு தீப்பொறி போதும். "வழி தெரியாம போனவனவிட, தேடப்போனவன் சாவுதான் கொடுமை. அவனுக்கு வழி தெரியும்" என்றார்.

மறுநாளிலிருந்து ஐந்து நாள், நூற்றுக்கணக்கான விமானங்களும் கப்பல்களும் தேடின. இறக்கைத் துண்டு, மிதவை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவெஞ்சர் ஏழு டன்னை நெருங்கும் கனம். இரவில், கொந்தளிக்கும் கடலில் இறங்கினால் மூழ்க வெகுநேரம் ஆகாது.

கதையின் இந்தப் பகுதியை ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார். அப்போது பெரியம்மையும் வெற்றிலைச் செல்லத்தோடு வந்து உட்கார்ந்தாள். கடற்படை விசாரணைக் குழு சாட்சிகளை விசாரித்து, பழியை டெய்லர் மேல் போட்டது. அவருடைய அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. விமானமும் இல்லை, உடலும் இல்லை, எதை வைத்து என் மகன் தப்பு என்கிறீர்கள் என்று அந்த அம்மாளும் அவருடைய சகோதரியும் விடாமல் போராடினார்கள். 1947-ல் கடற்படை இறங்கிவந்தது. டெய்லர் மேலிருந்த குற்றம் நீங்கியது. காரணம் தெரியவில்லை என்று பதிவு மாற்றப்பட்டது.

"அந்தம்மாவுக்குப் பணம் காசு எதுவும் குடுத்தாகளா?" என்று கேட்டாள் பெரியம்மை. பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. "கேட்டது பணத்துக்கில்லயே" என்றார். "அது சரி" என்று பாக்கை வெட்டினாள்.

காரணம் தெரியவில்லை என்ற அந்த இரண்டு சொல்லைப் பற்றி நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். மகன் பெயரில் ஒட்டிய பழியைத் துடைக்க ஒரு தாய் வாங்கிய சொற்கள் அவை. அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டுதான், அமெரிக்கக் கடற்படைக்கே காரணம் தெரியவில்லை என்று கதைக்காரர்கள் ஆரம்பித்தார்கள். 1964-ல் வின்சென்ட் காடிஸ் பெர்முடா முக்கோணம் என்ற பெயரை அச்சில் ஏற்றினார். 1974-ல் சார்லஸ் பெர்லிட்ஸ் எழுதிய புத்தகம் உலகமெங்கும் விற்றது. அதன் ஏதோ ஒரு தமிழ்த் துணுக்குதான் எங்கள் முடிவெட்டும் கடைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். 1977-ல் ஸ்பீல்பெர்க், அந்த விமானங்களைத் துளி சேதமில்லாமல் பாலைவனத்தில் கொண்டுவந்து நிறுத்திப் படமெடுத்தார். சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நண்பன் அறையில் வீடியோவில் பார்த்தேன். படம் நல்ல படம்தான். ஆனால் பெட்ரோல் பத்து காலனுக்குக் கீழே போகும் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்த பதினாலு பேரை மறந்தால்தான் அந்தக் காட்சியை ரசிக்க முடியும். என்னால் முடியவில்லை.

பெரியப்பாவுக்கு நான் கடைசியாக எழுதிய நீளமான கடிதம் 1991-ல். புதையல் கப்பல் தேடிக்கொண்டிருந்த ஒரு குழு, ஃபோர்ட் லாடர்டேலுக்கு எதிரே கடலடியில் ஐந்து அவெஞ்சர்களைக் கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது. ஒன்றில் 28 என்ற எண்கூட இருந்தது, டெய்லர் விமானத்தின் எண். ஊர் உலகமெல்லாம் மர்மம் தீர்ந்தது என்றது. நானும் பரபரப்பாக எழுதிப் போட்டேன். அவர் பதில் வருவதற்குள், அவை ஃப்ளைட் 19 அல்ல என்று தெரிந்துவிட்டது. வெவ்வேறு நாளில் விழுந்த வேறு வேறு பயிற்சி விமானங்கள் கடலடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன.

உலகத்துக்கு அதோடு செய்தி சப்பென்று போயிற்று. பெரியப்பா கார்டில் எழுதியிருந்தது நேர்மாறு: அப்படியானால் அந்த அஞ்சில் யார் யார் இருந்தார்கள், அதைக் கண்டுபிடித்து எழுது என்று கேட்டிருந்தார். என்னால் முடிந்ததெல்லாம் ஒரு மொத்தக் கணக்குதான். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க மண்ணிலேயே, எதிரி ஒருவன்கூட இல்லாத வானத்தில், அந்நாட்டு ராணுவ விமானப்படையில் மட்டும் விபத்துகளில் செத்தவர்கள் 15,000 பேர் சுமார். பிரிட்டிஷ் பாம்பர் கமாண்டில் உயிர்விட்ட 55,573 பேரில் 8,000 பேருக்கு மேல் பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். யாரையும் சுடவில்லை, யாரும் சுடவுமில்லை. மேகம், மலை, என்ஜின் கோளாறு, அனுபவமின்மை, தூக்கக் கலக்கம். இவர்களைப் பற்றி முடிவெட்டும் கடையில் படிக்க ஒன்றும் கிடைக்காது. ஃப்ளைட் 19-ன் பதினாலு பேருக்கும் அந்த அம்மாள் இல்லாமல் போயிருந்தால் இதே கதிதான்.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, இருபத்தொன்பது பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. பெரியப்பா அப்போது இல்லை. அவர் வேலை பார்த்த அதே தளம். என் அலுவலகத்தில் டீ வேளையில், வங்காள விரிகுடாவிலும் ஒரு பெர்முடா இருக்கிறதாமே என்று ஒருவர் ஆரம்பித்தார், மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கடைசியாக ரேடியோவில் என்ன பேசினார்கள், எந்த நிலையம் கேட்டது என்று நான் குறுக்கே கேட்டேன். கதை கெட்டுவிட்டது. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்ததாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்தக் கடல்பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, எனவே இது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றது அறிக்கை. நாற்காலியை இழுத்துப்போட்ட நண்பருக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். "அட, கிடைச்சிடுச்சா" என்று பதில் வந்தது.